பவர் எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக உறங்கும் சகோதரனே!



சில வாரங்களுக்கு முன் நெற்குப்பைக்குப் போயிருந்தேன். பொதுக்கூட்டத்துக்கு அல்ல. ஒரு நோயாளியை நலம் விசாரிக்கப் போனேன். மலேசியாவில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பி, ஜவுளிக்கடை வைத்து, ஒரு மகனையும் இரண்டு மகள்களையும் கரை சேர்த்த பெரியவர் அவர். ஒரு நாள் அதிகாலை சுபுஹுக்கு உளூச் செய்யும்போது விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக் கசிவு. உயிர் இருக்கிறது, மூச்சு ஓடுகிறது, கண்கூடத் திறந்திருக்கிறது. ஆனால் பெற்ற மகன் பக்கத்தில் நின்றால் யாரென்று தெரியவில்லை.

மகன் என்னிடம் சொன்னார்: "ஹஜ்ரத், வைத்தியச் செலவுக்குக் கவலை இல்லை. அத்தா நல்லா இருக்கும்போதே என் பேருக்கு பொது பவர் பதிஞ்சு கொடுத்துட்டாங்க. ரோட்டோரம் இருக்கிற மனையை வித்துப் பார்க்கலாம்னு இருக்கேன்."

அங்கே உட்கார்ந்திருந்த வக்கீல் சகோதரர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அத்தாவுக்கு நினைவு போன அன்னைக்கே அந்தப் பவரும் போயிருச்சு."

மகனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொல்வதானால் என் முகத்தையும் அன்று பார்த்திருக்க முடியாது. மேடை மேடையாக வாரிசுரிமை பேசுகிற நானும், பவர் என்றால் நாம் படுக்கையில் விழுந்த பிறகு பயன்படுவது என்றுதான் நினைத்திருந்தேன்.

உங்களில் எத்தனை பேர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

சட்டம் என்ன சொல்கிறது?

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201. முதல்வர் இறந்துவிட்டாலோ, அவருடைய புத்தி சுவாதீனம் போய்விட்டாலோ, முகவரின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. முகவர் வேலை அங்கே நின்றுவிடும். பிரிவு 209இன்படி, கையில் ஒப்படைக்கப்பட்டதைப் பாதுகாக்க வேண்டிய கடமை மட்டும் அவருக்கு இருக்கிறது. விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது.

காரணம் எளிது. பவர் என்பது என் வேலையை என் சார்பில் நீ செய் என்று சொல்வது. நான் கணக்குக் கேட்கலாம், தட்டிக் கேட்கலாம், நாளைக் காலையே ரத்தும் செய்யலாம். கேட்பதற்கு எனக்குப் புத்தி இருக்கும்வரைதான் நீ என் முகவர். கேட்க ஆளில்லாதபோது நீ யாருடைய முகவர்?

நம்முடைய ஃபிக்ஹு நூல்களைப் புரட்டினாலும் இதையேதான் காண்கிறோம். வகாலத் கொடுத்தவர் மரணித்தால் வகாலத் முறியும், அவருக்கு நிரந்தரமாகப் புத்தி பேதலித்தாலும் முறியும். மத்ரஸாவில் நான் ஓதிய பாடம்தான் இது. ஓதியதைப் பத்திர ஆபீஸோடு பொருத்திப் பார்க்க எனக்கு இத்தனை வருடம் ஆனது!

நல்ல உடம்போடு இருக்கும்போது வெளியூர் போகிறவனுக்குப் பவர் பயன்படும். நடக்க முடியாமல் வீட்டில் கிடந்தாலும் அறிவு தெளிவாக உள்ளவருக்கும் பயன்படும். எந்த நாளுக்குப் பயந்து நீங்கள் அதை எழுதினீர்களோ, அந்த நாளில் மட்டும் அது வெறும் காகிதம்.

ஒரு மனைவி ஏறிய படிகள்

இது நெற்குப்பை வீடு ஒன்றின் கதை மட்டுமல்ல. 2024ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வந்தார். கணவர் நினைவிழந்து படுக்கையில். வைத்தியத்துக்கும் குடும்பத்துக்கும் பணம் வேண்டும். கணவர் பெயரில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சொத்து இருக்கிறது. ஆனால் அதைத் தொட முடியவில்லை. என்னைக் காப்பாளராக நியமியுங்கள் என்று கேட்டார். தனி நீதிபதி, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பினார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.பி.பாலாஜி அமர்வு அந்த உத்தரவை 2024 மே மாதம் ரத்து செய்தது. நினைவிழந்தவரைப் பராமரிப்பது எளிதல்ல, முழுப் பாரத்தையும் சுமக்கிற மனைவியை இன்னொரு நீதிமன்றத்துக்கு அலையவிடுவது முறையல்ல என்ற கருத்தோடு அவரையே காப்பாளராக நியமித்து, சொத்தை விற்கவும் அனுமதித்தது. விற்ற பணத்தில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்பு நிதியாகப் போட வேண்டும், அதன் வட்டியை எடுத்துக்கொள்ளலாம் என்றும் நிபந்தனை விதித்தது.

இந்தத் தீர்ப்பு ஆறுதல்தான். ஆனால் அந்தப் பெண் ஏன் உயர்நீதிமன்றம் வரை வர வேண்டியிருந்தது? நினைவிழந்து கிடப்பவரின் சொத்துக்குக் காப்பாளரை நியமிக்க நேரடியான, எளிய சட்டவழி நம் நாட்டில் இல்லை. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் மனநோயாளியின் சொத்தை நிர்வகிக்க ஒரு தனி அத்தியாயம் இருந்தது. அதன் இடத்துக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த அத்தியாயமே இல்லை. இந்த ஓட்டையைப் பார்த்துத்தான் கேரள உயர்நீதிமன்றம் 2019இல் தானே சில நெறிமுறைகளை வகுத்தது. மருத்துவர் குழு பரிசோதிக்க வேண்டும், தாசில்தார் தரத்துக்குக் குறையாத அதிகாரி விசாரித்து அறிக்கை தர வேண்டும், நியமிக்கப்பட்ட காப்பாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும் என்றது.

நெற்குப்பைச் சகோதரரும் இப்போது அந்தப் படிகளைத்தான் ஏற வேண்டும். மருத்துவமனைச் செலவு இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

பூட்டிய வீடுகள் சொல்லும் பாடம்

அன்று மாலை அந்த ஊர் வீதிகளில் நடந்தேன். எழுத்தாளர் சோமலெ பிறந்த ஊர் அது. தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கும் செட்டிநாட்டு வீடுகள். பவர் பத்திரத்தின் அருமையை இந்த மண்ணைப் போல் அறிந்த மண் வேறில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் நடத்திய நகரத்தார், ஊரில் இருந்துகொண்டே மூன்றாண்டுத் தவணையில் மேலாட்களை அனுப்பினார்கள். முதலாளி கொடுத்த முக்தியார்தான் கடலுக்கு அப்பால் முதலாளியின் கை. அதோடு பெட்டியடியில் நாள் தவறாமல் கணக்கு எழுதப்பட்டது, ஊருக்குக் கணக்கு வந்துகொண்டே இருந்தது. கேட்க ஆளிருந்ததால் அந்த அதிகாரத்துக்கு உயிர் இருந்தது.

அதே வீதிகளில் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் பாருங்கள். செட்டிநாடு முழுக்க இப்படி எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. பங்காளிகள் பெருகி, ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு நாட்டில் இருக்க, ஒருவர் கையெழுத்து இல்லாமல் இன்னொருவர் ஓடுகூட மாற்ற முடியாமல் இடிந்துகொண்டிருக்கின்றன. தேக்கும் பளிங்கும் இழைத்துக் கட்டியவர்கள் அறிவில்லாதவர்களா? கட்டத் தெரிந்த அளவுக்கு, தமக்குப் பின் என்ன ஆகும் என்பதை எல்லோராலும் எழுதி முடிக்க இயலவில்லை. அவ்வளவுதான். நாளை நம் கடைகளும் அப்படிப் பூட்டிக் கிடக்க வேண்டுமா?

விரலில் மை தடவுகிறவனே!

இங்கே கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்படி வழி அடைபடும்போது சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். நினைவில்லாத தகப்பனின் கையைத் தூக்கி, பெருவிரலில் மை தடவி, பத்திரத்தில் அழுத்துகிறார்கள். "நல்லா இருக்கும்போது எழுதியதுதான்" என்று முன்தேதியும் போடுகிறார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட ஜமாஅத்தில் இரண்டு பேர் கிடைத்துவிடுகிறார்கள்!

சகோதரனே! அறிவில்லாத நிலையில் வாங்கிய கைநாட்டு செல்லாது. அது மோசடி. நீதிமன்றத்தில் பிடிபட்டால் சிறை. பிடிபடாவிட்டால்? உன் சகோதரியின் பங்கை நீ விழுங்கினாய். அல்லாஹ் அளவு சொல்லிக் கொடுத்த பங்கு அது. வைத்தியத்துக்காக என்று தொடங்குகிற இந்தப் பவர்கள் பல, கடைசியில் பெண் மக்களை வெறுங்கையோடு அனுப்புவதில் முடிவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மையத்தை அடக்கிவிட்டு வந்த ஈரம் காயுமுன் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லும் அண்ணன்மார்களும் இந்தக் கூட்டத்தில் அடக்கம்.

கடன் பற்றிய நீண்ட வசனத்தை (2:282) ஓதிப் பாருங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் இறைவன், கடன் வாங்கியவர் அறிவு குறைந்தவராகவோ பலவீனராகவோ சொல்ல இயலாதவராகவோ இருந்தால், அவருடைய பொறுப்பாளர் நீதியோடு எழுத்தில் கொடுக்கட்டும் என்கிறான். மனிதன் இயலாமல் போவான் என்பதை மார்க்கம் முன்பே கணக்கில் எடுத்திருக்கிறது. அந்தப் பொறுப்புக்கு அது விதித்த நிபந்தனை நீதி. நாம் நிபந்தனையை விட்டுவிட்டுப் பொறுப்பை மட்டும் கையில் எடுத்துக்கொள்கிறோம்.

அப்படியானால் என்ன செய்வது?

அறிவு தெளிவாக இருக்கும் இன்றைக்கே செய்ய வேண்டியவை இருக்கின்றன.

முதலாவது, எழுது. யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், எந்த வங்கியில் கணக்கு, எந்தப் பத்திரம் எந்தப் பீரோவில், நகை எங்கே அடகில் என்று ஒரே நோட்டில் எழுதி, அந்த நோட்டு இருக்கும் இடத்தை மனைவிக்குச் சொல். மனைவிக்குக் கொடுக்காமல் நிற்கும் மஹர் இருந்தால் அதுவும் கடன்தான். அதையும் எழுது. கடனை அடைத்து, வஸிய்யத்தை நிறைவேற்றிய பிறகுதான் வாரிசுகளுக்குப் பங்கு.

இரண்டாவது, வஸிய்யத். வஸிய்யத் செய்ய ஏதேனும் உள்ள முஸ்லிம், அது எழுதப்பட்டு தன்னிடம் இல்லாமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. ஹனஃபி சட்டப்படி வாரிசு ஒருவருக்கு வஸிய்யத் செய்தால், மரணத்துக்குப் பின் மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் செல்லும். ஆகவே ஒரு மகனுக்கு மட்டும் எல்லாவற்றையும் எழுதிவைக்க இது வழியல்ல. ஆனால் உனக்கு முன்பே இறந்துபோன மகனின் பிள்ளைகள் இருக்கிறார்களா? உன் மற்ற ஆண்மக்கள் உயிரோடிருந்தால் அந்த அனாதைகளுக்கு வாரிசுப் பங்கு கிடையாது. மூன்றில் ஒன்று யாருக்காக என்று இப்போது விளங்குகிறதா?

முஸ்லிம் எழுதும் வஸிய்யத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் பதிந்து வை. நாளைய சண்டையில் பாதி அதிலேயே அடங்கும்.

மூன்றாவது, சிறு பிள்ளைகள் உள்ள இளைஞர்களுக்கு. நம் தனியார் சட்டத்தில் சிறுவரின் சொத்துக்குப் பொறுப்பாளர் தந்தை. அவருக்குப் பின் தந்தை வஸிய்யத்தில் நியமித்தவர், அடுத்து தந்தையின் தந்தை, பிறகு அவர் நியமித்தவர். இவர்கள் யாருமில்லாவிட்டால் நீதிமன்றம் நியமிப்பவர். தாய் இந்த வரிசையில் இல்லை. சிறுவர் பங்கைத் தாய் தானாக விற்றது செல்லாது என்று 1918இலேயே பிரிவி கவுன்சில் தீர்ப்புக் கூறியிருக்கிறது. ஆனால் தந்தை தன் வஸிய்யத்தில் மனைவியையே பொறுப்பாளராக நியமிக்கலாம். ஒரு தாள், இரண்டு சாட்சி. அதை எழுதாமல் போனதால், குழந்தைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு மாமனார் வீட்டு வாசலில் நிற்கும் விதவைகளை எத்தனை ஊர்களில் பார்க்கிறோம்!

நான்காவது, பங்குத் தொழில். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஒரு பங்காளியின் மரணத்தோடு கம்பெனி கலைந்துவிடும். ஒரு பங்காளி புத்தி சுவாதீனம் இழந்தால் கலைக்கச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒருவர் இயலாமல் போனால் கணக்கு எப்படி முடிப்பது, அவர் வீட்டுக்கு மாதம் எவ்வளவு தருவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுது. "நாங்க அண்ணன் தம்பி மாதிரி" என்பது ஒப்பந்தம் ஆகாது. அண்ணன் தம்பிகளே கோர்ட்டில் நிற்கிறார்கள்!

ஐந்தாவது, வங்கி. வைத்தியச் செலவுக்கென்று ஒரு தொகையை, இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற நிபந்தனையோடு கூட்டுக் கணக்கில் வை. விழுந்த அன்று கை நீட்ட வேண்டிய நிலை வராது. கையெழுத்துப் போட முடியாத, ஆனால் அறிவு உள்ள நோயாளி பணம் எடுப்பதற்கும் ரிசர்வ் வங்கி விதி வகுத்திருக்கிறது. கைநாட்டு, அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகையைக்கூட, வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரு சாட்சிகள் முன் ஏற்கலாம். ஆனால் ஒன்றை மறக்காதே. கூட்டுக் கணக்கில் பெயர் இருப்பவரும் நாமினியும் மரணத்துக்குப் பின் முழுச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. கம்பெனிப் பங்குகள் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 2023 டிசம்பரில் இதைத் தெளிவாக்கியது. நாமினி கையில் வரும் பணம் வாரிசுகளின் அமானிதம்.

ஆறாவது, உயிரோடிருக்கும்போதே கொடுக்க விரும்புகிறவர்களுக்கு ஹிபா. கொடுத்தேன் என்று சொல்வது, பெறுபவர் ஏற்பது, சொத்தை அவர் கைவசம் ஒப்படைப்பது ஆகிய மூன்றும் வேண்டும். சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாயால் கொடுப்பது ஹிபா ஆகாது. மரண நோயில் கொடுப்பதும் மூன்றில் ஒன்றுக்குள் அடங்கும். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்ததற்குச் சாட்சியாக இருக்க நபி (ஸல்) அவர்கள் மறுத்த செய்தியையும் மனதில் வை.

பவர் கொடுக்கத்தான் வேண்டுமா? கொடு. ஆனால் எல்லாவற்றுக்குமான பொது பவராக இல்லாமல், இன்ன சொத்து, இன்ன வேலை என்று குறிப்பிட்டுக் கொடு. கணக்குக் காட்ட வேண்டும் என்று அதிலேயே எழுது. பவரை வைத்துச் சொத்து வாங்க நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். பொது பவரும் விற்பனை ஒப்பந்தமும் கையில் இருந்தால் சொத்து உங்களுடையது ஆகிவிடாது என்று 2011 அக்டோபரில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. வெளிநாட்டில் இருப்பவர் பவர் அனுப்பினால், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். படுக்கையில் இருந்தாலும் அறிவு தெளிவாக உள்ள பெரியவரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். தகுந்த காரணம் காட்டினால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யச் சட்டத்தில் இடம் உண்டு.

நாம் கேட்க வேண்டியது

இங்கிலாந்தில், புத்தி போன பின்னும் நிற்கும் பவருக்கு 1985லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டம் அதை விரிவாக்கியது. நம் உறவினர்கள் கடை வைத்திருக்கும் சிங்கப்பூரில் 2010 மார்ச் முதல் அத்தகைய நீடித்த பவர் நடைமுறையில் இருக்கிறது. எழுதும்போதே அறிவு தெளிவாக இருக்கிறது என்று டாக்டரோ வக்கீலோ சான்று தர வேண்டும். அரசுப் பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அங்கும் ஏமாற்று நடந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சுற்றுலா வழிகாட்டி, வசதியான மூதாட்டி ஒருவரிடம் 2012இல் பவர் எழுதி வாங்கினான். 2014இல் அது ரத்தானது. அவனும் சிறை போனான். கேள்வி கேட்க ஆளிருந்ததால் பிடிபட்டான்.

இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. முதியவர்கள் பெருகிவரும் நாட்டில், பிள்ளைகள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கும் ஊர்களில், இது இந்து முஸ்லிம் பிரச்சனை அல்ல, எல்லா வீட்டுப் பிரச்சனை. கண்காணிப்போடு கூடிய நீடித்த பவர் சட்டம் வேண்டும் என்றும், அதுவரை நினைவிழந்தவரின் குடும்பம் மாவட்ட நீதிமன்றத்திலேயே விரைவாகக் காப்பாளர் உத்தரவு பெற வழி வேண்டும் என்றும் நம் எம்.எல்.ஏ.க்களிடமும் எம்.பி.க்களிடமும் மனுக் கொடுப்போம். வீட்டுக் கொல்லையில் பற்றி எரியும் இதற்காகவும் கொடி பிடிப்போமே!

ஜமாஅத் நிர்வாகிகளே! நிக்காஹ் பதிவேடு வைத்திருக்கிறீர்கள், மையவாடிக் கணக்கும் வைத்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள வாழ்க்கைக்கு ஓர் ஏற்பாடு வேண்டாமா? ஆண்டுக்கு ஒருமுறை வக்கீல் ஒருவரையும் ஆலிம் ஒருவரையும் உட்காரவைத்து, வஸிய்யத் எழுத உதவுங்கள். பெண்களுக்கும் அதில் இடம் கொடுங்கள். அவர்களுக்கும் சொத்து இருக்கிறது.

நெற்குப்பையிலிருந்து கிளம்பும்போது அந்த மகன் பஸ் ஏற்றிவிட வந்தார். "எங்க அத்தா எதையும் தள்ளிப்போட மாட்டாங்க ஹஜ்ரத். சரக்கு வந்த அன்னைக்கே பில் பார்த்துருவாங்க. இதை மட்டும் ஒரு தடவை கேட்டிருந்தா செஞ்சிருப்பாங்க. கேட்கத்தான் எங்களுக்கு வாய் வரலை" என்றார்.

அந்த வீட்டில் கேட்க வெட்கம், நம் வீட்டிலும் அதே வெட்கம்தான். தகப்பனிடம் இதைப் பேசினால் சொத்துக்கு அலைகிறான் என்பார்களோ என்று மகன் வாய் திறப்பதில்லை. பேசினால் சாவு வந்துவிடுமோ என்று தகப்பன் வாய் திறப்பதில்லை. ஆகவே தகப்பன்மார்களே, நீங்கள் முதலில் பேசுங்கள். வருகிற ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, மனைவியையும் ஆண் பெண் பிள்ளைகள் அனைவரையும் ஒன்றாக உட்காரவைத்து அந்த நோட்டைத் திறங்கள்.

நான் திறந்துவிட்டேன். ஊர் வந்து சேர்ந்த இரவே எழுதத் தொடங்கினேன். எழுத எழுதத்தான், மறந்துபோன இரண்டு கடன்கள் நினைவுக்கு வந்தன. அல்லாஹ் அவகாசம் கொடுத்திருக்கிறான். அவகாசம் இருக்கும்போதே செய்து முடிக்க நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.